மறுபடி மறுபடி பாடப்படும் அறுபதுகள்

தமிழில் 'பழைய பாட்டு' என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் 1960களில் வந்த திரைப்பாடல்களைத்தான் சொல்கிறார். 1950களின் பாடல்கள் அவற்றைவிடப் பழையவை. 1970களின் பாடல்களுக்கும் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர் நடுவில் உள்ள பத்தாண்டோடுதான் ஒட்டிக்கொண்டது. 'பாவமன்னிப்பு', 'பாசமலர்' வந்த 1961 முதல் 'சிவந்த மண்' வந்த 1969 வரையிலான பாடல்கள், அவை வெளியானபோது பிறந்தே இராதவர்களின் கைப்பேசியிலும் இன்று இருக்கின்றன.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதே பத்தாண்டுகளில் 'பாப்' என்ற பெயரில் ஓர் இசைத்தொழில் வளர்ந்தது. நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து குழு அமைப்பார்கள், தாங்களே எழுதிப் பாடுவார்கள், இசைத்தட்டு விற்கும். பீட்டில்ஸ் அப்படித்தான் வந்தது. அவர்களுடைய ஆரம்பகாலப் பாடல்கள் இந்தியாவில் 78 சுற்று இசைத்தட்டிலும் அச்சாகின. மேல்நாட்டில் அந்தத் தட்டு வழக்கொழிந்துவிட்டிருந்தது, இங்கே வீடுகளில் இருந்த கிராமபோன்களில் பல அதைத்தான் ஓட்டின. தமிழ்நாட்டில் அப்படித் தனியாக ஒரு பாப் தொழில் உருவாகவில்லை. இலங்கையில் மட்டும் அறுபதுகளின் இறுதியில் நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் சினிமாவைச் சாராத தமிழ்ப் பொப்பிசையைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை முழுவதையும் சினிமாவே செய்தது. காதல், துள்ளல், தத்துவம், அரசியல், தாலாட்டு என எல்லாம் மூன்றரை நிமிடப் பாட்டாகத் திரை வழியேதான் வந்தன. ஆகவே தமிழரின் அறுபதுகள் பாப் எது என்றால், விஸ்வநாதன் - ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன், வேதா முதலானோர் மெட்டமைத்த அந்தப் பாடல்கள்தான்.

கடலுக்கு அப்பால் போன பாட்டு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தமிழர்களுக்கும் இந்தப் பாடல்களுக்கும் காலப் பொருத்தம் ஒன்று உண்டு. 1951இல் தீவுகளின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 31,000. 1961இல் அது 63,000ஐத் தாண்டியது. 1971இல் 1,15,000 ஆனது. இருபது ஆண்டுகளில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கிழக்கு வங்காள அகதிகளை அரசு குடியேற்றியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். துறைமுகம், சாலை, கட்டடம், காடு ஆகியவற்றில் வேலை தேடி வந்தவர்களும் வியாபாரம் செய்ய வந்தவர்களும் இன்னொரு கூட்டம். இந்த இரண்டாம் கூட்டத்தில் தமிழர்கள் கணிசம். 2011 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் சுமார் 57,000 பேர், அதாவது தீவு மக்களில் 15 விழுக்காடு. 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் தமிழர் சங்கமும் வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கின்றன.

சென்னையிலிருந்து தீவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். இப்படி ஊரைவிட்டுத் தூரப் போகிறவர்கள் போகும் காலத்துப் பாட்டைக் கையோடு கொண்டுபோகிறார்கள் என்பது மலேசியா, சிங்கப்பூர், பர்மா போன தமிழர் எல்லோரிடமும் காணக்கூடிய உண்மை. ஊரில் புதுப்பாட்டு வந்துகொண்டே இருக்கும், பழையது பின்னுக்குப் போகும். போன இடத்தில் புதுப்பாட்டு தாமதமாக வரும், பழையது நிலைத்துவிடும். அந்தமான் தமிழ்ச் சமூகம் பெருகிய காலமும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி கொடிகட்டிப் பறந்த காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அந்தப் பாட்டைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது முதலில் வானொலி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை மட்டமான சரக்காகக் கருதினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து அவை கிட்டத்தட்ட மறைந்துபோயின. மக்கள் ரேடியோவை அணைத்துவிடவில்லை, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அங்கே 1950இலேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. எஸ்.பி. மயில்வாகனன் தொடங்கிப் பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது வரை அதன் அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டில் நடிகர்களுக்கு நிகராக அறியப்பட்டார்கள். போட்டியைத் தாங்க முடியாமல் டெல்லி 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது. அறுபதுகளின் பாடல்கள் பிறக்கும்போதே அவற்றுக்காகப் போட்டியிடும் இரண்டு வானொலிகள் தயாராக இருந்தன. படம் ஓடி முடிந்த பிறகும் பாட்டு ஓடியதற்கு இதுவே முதல் காரணம்.

1964இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. தமிழ்நாட்டுக்காரர்கள் அலைவரிசை தேடிப் பிடித்துக் கேட்ட இலங்கை வானொலி, இவர்களுக்கு ஊர் வானொலி.

பாட்டு எப்படிக் கட்டப்பட்டது

நினைவும் ஏக்கமும் மட்டும் ஒரு பாட்டை அறுபது ஆண்டு நிறுத்திவைக்காது. ஏக்கப்படுகிறவர்கள் போனதும் பாட்டும் போய்விடும். இந்தப் பாடல்கள் அடுத்த தலைமுறைகளுக்கும் போயின என்றால் அவற்றின் கட்டுமானத்தில் காரணம் இருக்க வேண்டும்.

அன்றைய ஒலிப்பதிவு முறையிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு கலக்கும் வசதி அப்போது இல்லை. பாடகரும் வயலின் வரிசையும் தபேலாவும் அக்கார்டியனும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்குவார்கள். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதில் ஒரு பாட்டுக்கு நாகேஷ் ஆட, நடுநடுவே ஒலிப்பதிவுக் கூடமும் காட்டப்படுகிறது, எம்.எஸ். விஸ்வநாதன் கைவீசி நடத்துகிறார், டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கி முன் நிற்கிறார். இசையமைப்பவர் முகத்தை ரசிகர்கள் அறிந்திராத காலத்தில் இது துணிச்சலான காரியம். அந்த நெருக்கடியில் பதிவான பாட்டில் தேவையற்ற ஒலி இராது. பாடகர் வாயைத் திறந்ததும் வாத்தியங்கள் ஒதுங்கும், அவர் நிறுத்தியதும் உள்ளே வரும். சொல் ஒவ்வொன்றும் காதில் விழும். சொல் விழுந்தால்தான் கேட்பவர் திருப்பிப் பாட முடியும்.

அந்தச் சொற்கள் யாருடையவை என்பது அடுத்த காரணம். கண்ணதாசனும் வாலியும் எழுதியவை பேச்சுத் தமிழுக்கு அருகில் நின்ற, ஆனால் எதுகை மோனை தவறாத வரிகள். அதைவிட முக்கியம், அவை காட்சியிலிருந்து கழற்றி எடுத்தாலும் நின்றன. படத்தில் ஒரு குறிப்பிட்ட ஆள் ஒரு குறிப்பிட்ட துக்கத்தில் பாடுவார். பாட்டில் அந்த ஆளின் பெயரும் இராது, கதையும் இராது. ஆகவே அதே பாட்டைத் துக்க வீட்டிலும் போடலாம், ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கான விழாவிலும் போடலாம். எம்.ஜி.ஆருக்காக எழுதப்பட்டவை இன்னொரு படி மேலே போயின. 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டும் 1965இல் வந்தவை. அவற்றின் பாடல்கள் 1967 தேர்தலுக்கும் அவர் 1972இல் தனிக்கட்சி தொடங்கியதற்கும் முந்தியவை. கதைக்குள் ஒரு கொடுமைக்காரரை எதிர்த்தும் அடிமைத்தளையை எதிர்த்தும் பாடப்பட்ட வரிகள் மேடைக்கு வந்ததும் அரசியல் ஆயின. ஒரு சொல்லையும் மாற்றாமல் பாட்டின் பொருளை மாற்றிய இதுவும் மறுவாசிப்புதான், ஒருவேளை தமிழில் மிகப் பெரியது.

மூன்றாவது, குரல். டி.எம்.எஸ். சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் குரலை வேறுபடுத்திப் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் திரையில் யார் என்று ரசிகர் சொல்லிவிடுவார். பி. சுசீலாவின் உச்சரிப்பில் ஒரு மெய்யெழுத்துக்கூட நழுவாது. பாடிய பாடல்களின் எண்ணிக்கைக்காக 2016இல் கின்னஸ் அவரைப் பதிவு செய்தபோது கணக்கில் எடுத்தவை 17,695. பி.பி. ஸ்ரீநிவாஸின் குரல் கிசுகிசுப்புக்கு அடுத்த படியில் நின்றது. எல்.ஆர். ஈஸ்வரி மேல்நாட்டுத் துள்ளலுக்கு. மெட்டு யாருடைய குரலுக்கு என்று தெரிந்தே அமைக்கப்பட்டது.

இசையைப் பொறுத்தவரை, விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். ராமமூர்த்தி கர்நாடக முறையில் தேர்ந்த வயலின்காரர். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் விரல் ஓடும் வேகத்தில் மெட்டுப் போடுபவர். 'கர்ணன்' (1964) படத்துக்கு வடஇந்திய ராகங்களை எடுத்தார்கள். அதே ஆண்டு 'காதலிக்க நேரமில்லை'யில் ராக் அண்ட் ரோல் சாயலுக்குப் போனார்கள். 'புதிய பறவை'யில் பெரிய வாத்தியக்குழுவை வைத்து மேல்நாட்டு நாட்டியக்கூட இசையைத் தமிழாக்கினார்கள். மங்களமூர்த்தியின் அக்கார்டியன், நோயல் கிராண்டின் டிரம்ஸ் போன்றவை இல்லாமல் அந்த ஒலி இல்லை. 1963இல் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் தரப்பட்டது. 1965இல் இருவரும் பிரிந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து 'எங்கிருந்தோ வந்தான்' (1995) படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள், ஆனால் காலம் அதற்குள் இரண்டு முறை புரண்டுவிட்டிருந்தது.

இரவல் மெட்டும் இரு மொழிச் செவியும்

பழைய பாடலை மாற்றிப் பாடுவதைப் பற்றிப் பேசும்போது, மூலம் தூயது, மாற்றம் கலப்படம் என்ற நினைப்பு அடியில் இருக்கும். அறுபதுகளின் தமிழ்ப் பாடல்களுக்கு அது பொருந்தாது. அவற்றில் பல பிறக்கும்போதே மறுஆக்கங்கள்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு இசையமைத்த வேதா இதற்கு நல்ல சான்று. அந்த நிறுவனம் இந்திப் படங்களின் கதையை வாங்கித் தமிழில் எடுத்தது. மெட்டும் கூடவே வந்தது. 1963இல் வந்த 'உஸ்தாதோங் கே உஸ்தாத்' இந்திப் படம் 1965இல் 'வல்லவனுக்கு வல்லவன்' ஆனது. இசையமைப்பாளர் ரவியின் இந்தி மெட்டு ஒன்று தமிழில் 'ஓராயிரம் பார்வையிலே' ஆகி, டி.எம்.எஸ். குரலில் இன்றும் கேட்கப்படுகிறது. சேலத்துக்கு வெளியிலும் வேதா இதையே செய்தார். 'வோ கௌன் தீ' (1964) படத்தின் தமிழாக்கமான 'யார் நீ?' (1966) படத்தில் மதன்மோகனின் மெட்டு 'நானே வருவேன்' என்று சுசீலா குரலில் வந்தது. தமிழ் ரசிகருக்கு இவை வேற்று மொழி மெட்டு என்ற எண்ணமே வருவதில்லை. சொல்லப்போனால் சில பாடல்களில் தமிழ் வரிகள் மெட்டோடு இன்னும் இறுக்கமாகப் பொருந்துகின்றன.

தீவுகளில் இந்த இரவல் மறைவதில்லை. அந்தமானின் பொதுமொழி இந்தி. தமிழரும் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் சந்தையில் பேசிக்கொள்வது அதில்தான். பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளரும் தீவுத் தமிழருக்கு மதன்மோகனின் மெட்டு இரண்டு பக்கமிருந்தும் கிடைக்கக்கூடியது. மதுரையில் ஒருவருக்கு ஆராய்ச்சித் தகவலாக இருப்பது, இரு மொழி வானொலி கேட்டு வளர்ந்த அந்தமான்காரருக்குச் சாதாரணக் காது அறிவு. வங்காளியரோடும் இதே உறவு உண்டு. தீவில் அவர்கள்தான் மிகப் பெரிய மொழிக்கூட்டம், 2011 கணக்கெடுப்பில் 28 விழுக்காடு. 'புதிய பறவை'யின் கதை 1963இல் வந்த 'சேஷ் அங்க' என்ற வங்காளப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வங்காளப் படத்துக்குப் பின்னால் ஓர் ஆங்கிலப் படம் இருந்தது. கதை மூன்று கை மாறிச் சென்னைக்கு வந்தது, மெட்டு மட்டும் இங்கேயே பிறந்தது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. இயக்குநர் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) மறு ஆண்டே 'தில் ஏக் மந்திர்' ஆனது, 'காதலிக்க நேரமில்லை' 1966இல் 'ப்யார் கியே ஜா' ஆனது. இந்தியில் இசை வேறு. சங்கர் - ஜெய்கிஷனும் லக்ஷ்மிகாந்த் - ப்யாரேலாலும் தங்கள் சொந்த மெட்டுகளைப் போட்டார்கள்.

அந்தமான் தமிழ்த் திரையிலும் இடம் பிடித்திருக்கிறது. 1952இல் எம்.ஜி.ஆர். நடித்த 'அந்தமான் கைதி' தீவைச் சிறையாகவே காட்டியது. 1978இல் முக்தா சீனிவாசன் இயக்கிய 'அந்தமான் காதலி' அதைக் காதலர் தீவாக்கியது. சிவாஜி, சுஜாதா நடிப்பு, கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன் இசை. அதில் கே.ஜே. யேசுதாசும் வாணி ஜெயராமும் பாடிய 'நினைவாலே சிலை செய்து' அறுபதுகளின் பாணி எழுபதுகளின் இறுதிவரை உயிரோடு இருந்ததற்கு அடையாளம். 1976இல் இளையராஜா வந்துவிட்டார், காற்று திசை மாறியிருந்தது. பழைய மன்னருக்கு இன்னும் கை ஓயவில்லை என்று இந்தப் பாட்டு சொன்னது.

மாற்றிப் பாடிய வழிகள்

ஒரு பாட்டு முதலில் மறுபிறவி எடுப்பது மேடையில். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கீர்த்தனை முடித்ததும் கூட்டம் கேட்பது சினிமாப் பாட்டு. அடுத்து பேண்டு வாத்தியம். பிறகு மெல்லிசைக் குழு. ஊர்த் திருவிழாவில் ஒரு கீபோர்டு, ஒரு கிதார், தபேலா, டிரம்ஸ், இரண்டு பாடகர் என்று இரவு முழுக்க நடக்கும் கச்சேரியில் டி.எம்.எஸ். குரலில் பாட ஒருவர் கட்டாயம் இருப்பார். சொந்தக் குரல் என்று ஒன்று அவருக்கு வேண்டியதில்லை. 'அப்படியே இருக்கிறது' என்பதே அங்கே உச்சப் பாராட்டு. விமர்சகர்கள் இந்தக் குழுக்களைக் கண்டுகொள்வதில்லை. அறுபதுகளின் பாடல்களை எண்பதுகளின் இரைச்சலைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இவர்கள்தான். 2006இல் தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' போன்ற தொலைக்காட்சிப் போட்டிகள் இந்த மேடையைக் குளிர்சாதன அரங்குக்குள் கொண்டுபோனவை. பத்து வயதுப் பிள்ளை சுசீலா பாட்டைப் பாடி நடுவரை அழவைப்பது அங்கே ஒரு சடங்காகிவிட்டது.

இரண்டாவது வழி, பழைய பாணியில் புதுப்பாட்டு. இதன் சிகரம் மணிரத்னத்தின் 'இருவர்' (1997). எம்.ஜி.ஆர். - கருணாநிதி உறவைத் தழுவிய அந்தப் படத்துக்குக் காலத்துக்கு ஏற்ற பாடல்கள் தேவைப்பட்டன. ஏ.ஆர். ரஹ்மான் பழைய பாடல் எதையும் எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பாட்டு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் புதிதாக எழுதினார். பாடலாசிரியர் வைரமுத்துவும் அதற்கேற்பத் தமிழைப் பின்னோக்கிக் கொண்டுபோனார். அதில் 'பூக்கொடியின் புன்னகை' பாட்டைப் பாடிய சந்தியா, பி. சுசீலாவின் மருமகள். படம் ஓடவில்லை, பாடல்கள் நின்றன. ரஹ்மான் விஸ்வநாதனின் குரலையும் விடவில்லை. 'சங்கமம்' (1999), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இரண்டிலும் அவரைப் பாடவைத்தார். மெட்டமைத்த கையின் சொந்தக்காரருக்கு இப்படி ஒரு கரகரத்த, ஆவேசமான குரல் இருக்கிறது என்பதை அந்தத் தலைமுறை அப்போதுதான் அறிந்தது.

மூன்றாவது, எல்லோரும் சண்டை போட்ட ரீமிக்ஸ். இந்தியில் 2000களின் தொடக்கத்தில் பழைய பாடல்களுக்குத் தாளத்தை ஏற்றி, காணொளி எடுத்து விற்கும் அலை வந்தது. தமிழில் அது தனி ஆல்பமாக அன்றி, புதுப்படத்துக்குள் ஒரு பாட்டாக வந்தது. 'படகோட்டி' (1964) படத்தின் 'தொட்டால் பூ மலரும்' 2004இல் 'நியூ' படத்தில் வந்தபோது ரஹ்மான் வாலியின் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டைப் புதிதாகப் போட்டார். தமிழில் ரீமிக்ஸ் என்று சொல்லப்பட்டவற்றுள் இதுதான் மிகத் துணிச்சலானது. எல்லோருக்கும் மனப்பாடமான வரியை எடுத்து, எல்லோருக்கும் மனப்பாடமான மெட்டை விட்டுவிடுவது. 2007இல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் அவர் எதிர்த்திசையில் போனார். 'சொர்க்கம்' (1970) படத்தில் ஆலங்குடி சோமு எழுதி டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்' மெட்டு மாறாமல் வந்தது, இடையில் ராப் சேர்ந்தது. சிவாஜி ஆடிய பாட்டுக்கு விஜய் ஆடினார். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. பெரும்பாலான ரீமிக்ஸ்களில் தாளம் உரக்க வந்து, எந்தச் சொல்லுக்காக அந்தப் பாட்டு நின்றதோ அந்தச் சொல்லே அமுங்கிப்போயிற்று. ரஹ்மானின் இரண்டும் தப்பியதற்குக் காரணம் அவர் குரலைப் பின்னுக்குத் தள்ளாததுதான். ஏழெட்டு ஆண்டில் அந்த அலை தானாக அடங்கியது.

நான்காவது வழி இதற்கு நேர்மாறு. எதையும் மாற்றாமல் அப்படியே மறுபடி வாசிப்பது. 2020 ஊரடங்கின்போது சுபஸ்ரீ தணிகாசலம் யூடியூபில் தொடங்கிய 'குவாரன்டைன் ஃப்ரம் ரியாலிட்டி' தொடரில் கலைஞர்கள் அவரவர் வீட்டிலிருந்தே தங்கள் பகுதியை வாசித்து அனுப்பினார்கள்; அவை கோக்கப்பட்டன. 1964இல் ஒரே கூடத்தில் நாற்பது பேர் கூடி வாசித்ததை, ஒருவரையொருவர் பார்க்காத ஐந்தாறு பேர் மீட்டெடுத்தார்கள். நான்கு வயலின் சேர்ந்து எழுப்பிய ஒலியை ஒருவரே நான்கு முறை பதிந்து கொண்டுவருவார். பாட்டுக்கு முன் சுபஸ்ரீ சொல்லும் விளக்கம் பலருக்குப் பாட்டளவு பிடித்துப்போனது. முன்னிசையில் எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, சரணத்தில் மெட்டு ஏன் திரும்புகிறது என்பதெல்லாம் சாதாரண ரசிகர் பேசும் பொருளாயின.

அந்தமானில் இணையத்தின் கதை அதே ஆண்டில்தான் மாறியது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. காணொளி பார்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி திறக்கப்பட்டது. போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. மூன்று நாள் கப்பலில் வந்த பாட்டு கண் இமைக்கும் நேரத்தில் வரத்தொடங்கியது.

திரையரங்கிலும் அறுபதுகள் திரும்பின. எண்ணியல் முறையில் புதுப்பித்த 'கர்ணன்' 2012 மார்ச்சில் வெளியாகி சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்' அதேபோல் வந்து வெள்ளி விழா கண்டது. பழைய பாடல் 5,000ஐ உள்ளே ஏற்றி, பார்வைக்கு அந்தக் கால ரேடியோபோல இருக்கும் 'கார்வான்' பெட்டியை சரிகம நிறுவனம் 2017இல் இந்தியில் அறிமுகப்படுத்தி, பிறகு தமிழிலும் கொண்டுவந்தது. எந்தச் செயலியையும் திறக்கத் தெரியாத அப்பாவுக்குப் பிள்ளைகள் வாங்கித்தரும் பரிசாக அது விற்றது. படத்தின் பெயர்கள்கூடப் போதும் என்றாயிற்று. 'நெஞ்சம் மறப்பதில்லை' 2021இலும் 'காதலிக்க நேரமில்லை' 2025இலும் புதுப்படங்களின் தலைப்பாக வந்தன. கதைக்கும் பழையதற்கும் தொடர்பில்லை.

யாருடைய பாட்டு

மாற்றிப் பாட யாருக்கு உரிமை என்பதைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. வரிகள் தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. திரைப்பாடல்களில் இந்த உரிமைகள் பெரும்பாலும் தயாரிப்பாளரிடமும் அவரிடமிருந்து இசைத்தட்டு நிறுவனத்திடமும் போயின. 1977இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் தொடர்ந்து பங்கு கிடைக்க 2012 திருத்தம்தான் வழிசெய்தது, அதற்குள் அறுபதுகளின் கவிஞர்களில் பலர் காலமாகிவிட்டார்கள்.

அந்தத் திருத்தம் மறுபாடலுக்கும் விதி வகுத்தது. முதல் ஒலிப்பதிவு வெளியான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்தால், குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையை முன்கூட்டிக் கட்டி, யாரும் அந்தப் பாட்டைத் தங்கள் குரலில் பதிந்து வெளியிடலாம். ஆனால் வரியையும் மெட்டையும் மாற்றக்கூடாது. ஆக, அச்சு அசலாகப் பாடுவதற்குச் சட்டம் வழி விடுகிறது, ரீமிக்ஸ் செய்ய உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

காலக்கணக்கைப் போட்டுப் பார்த்தால், 1964இல் வெளியான ஒலிப்பதிவுகளின் பாதுகாப்பு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 'படகோட்டி', 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை' ஆகியவற்றின் அன்றைய பதிவுகள் இதில் வரும். ஆண்டுக்கு ஓர் ஆண்டாக மற்றவையும் பின்தொடரும். ஆனால் பதிவு விடுபட்டாலும் பாட்டு விடுபடாது. கண்ணதாசன் 1981இல் இறந்தார், அவர் வரிகளுக்கு 2041 முடியப் பாதுகாப்பு உண்டு. வாலி 2013இல் மறைந்ததால் அவருடையவற்றுக்கு 2073 வரை. ராமமூர்த்தியும் 2013இல், விஸ்வநாதன் 2015இல் காலமானார்கள். இருவர் சேர்ந்து படைத்ததற்குக் கடைசியாக இறந்தவரிடமிருந்து கணக்கு தொடங்கும் என்பதால், 'படகோட்டி'யின் மெட்டுகளை அனுமதி கேட்காமல் யாரும் மாற்றி வாசிக்க 2076 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.